வீடும் காரும் ஒரே பெயரில்

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலை என்பது, நன்றாக நிற்கிற ஒரு வீட்டின் வாசலில் போய் நின்று, இது இடிந்து விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்கிற வேலை. கேட்டுவிட்டு அவர்கள் கொடுக்கும் மோரையும் வாங்கிக் குடிக்க வேண்டும். நீங்களும் ஏஜெண்டாக இருந்தால் நான் சொல்வது சட்டென்று புரியும். ஏஜெண்டின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே கதவைச் சாத்திக்கொள்கிறவராக இருந்தாலும் புரியும். கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடப்பது ஒரே அவஸ்தைதான்.

நான் தர்மபுரியில் இருந்துகொண்டு இண்டூர், பாலக்கோடு, பொம்மிடி என்று சுற்றுகிறவள். பெரும்பாலும் வண்டி இன்சூரன்ஸ். அதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ரோட்டில் நிறுத்திக் கேட்பார்களே என்ற பயமே எனக்குப் பாதி வேலையைச் செய்துவிடும். வீட்டு இன்சூரன்ஸ் அப்படியில்லை. வீட்டை நிறுத்தி யாரும் பேப்பர் கேட்பதில்லை என்பதால் அதை எடுப்பவரும் இல்லை. இந்தக் குறையைப் போக்க எங்கள் கம்பெனி ஒரு திட்டம் கொண்டு வந்தது. வீடும் காரும் சேர்ந்து ஒரே பாலிசி. தள்ளுபடி உண்டு, கட்ட வேண்டிய தேதி ஒன்று, கூப்பிட வேண்டிய போன் நம்பர் ஒன்று. நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: வீடும் காரும் ஒரே ஆள் பெயரில் இருக்க வேண்டும்.

யோசிக்க நேரம்

திட்டத்தை விளக்க மேனேஜர் எங்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். போர்டில் ஒரு வீடு வரைந்தார், ஒரு கார் வரைந்தார், இரண்டையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வட்டம் போட்டதும் நாங்கள் கைதட்டுவோம் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நாங்கள் ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் எழுந்து, "சார், சேர்த்து எடுத்தா கஸ்டமருக்கு எப்பவுமே லாபம்தானா?" என்று கேட்டேன். மனசாட்சி உள்ளவர், உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. கார் பாலிசி ஒரு கம்பெனியில் மலிவாக இருக்கும், வீட்டுப் பாலிசி இன்னொரு கம்பெனியில் நன்றாக இருக்கும், தனித்தனியாக விசாரித்தால் சில பேருக்கு அதுவே நல்லது என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"அதெல்லாம் கஸ்டமர் யோசிக்க வேண்டிய விஷயம் மேடம். யோசிக்க நேரம் குடுக்காம நீங்க பாத்துக்கங்க."

காரே வீடு

முதலில் பாலக்கோட்டுக்குப் போனேன். அங்கே மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் வியாபாரி ஒருவர் பல வருஷமாக என்னிடம்தான் கார் இன்சூரன்ஸ் போடுகிறார். காரின் பின்சீட்டில் எப்போதும் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேடு இரண்டு காலியாக இருக்கும். ஒரு துண்டு, ஒரு செட்டுச் சட்டை, தண்ணீர்க் கேன், பல் துலக்கும் பிரஷ் எல்லாம் இருக்கும். விடிவதற்கு முன்னால் மண்டிக்கு வந்தால் லோடு கிளம்பிய பிறகுதான் அவருக்குப் பொழுது விடியும்.

அவருக்குச் சொந்த வீடு, சொந்தக் கார், இரண்டும் அவர் பெயரிலேயே இருந்தன. கம்பெனி கனவு கண்ட கஸ்டமர் இவர்தான் என்று நினைத்து வட்டத்தை நானும் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினேன். வீட்டுச் சாமான்களுக்கும் சேர்த்துப் போடலாம் என்று சொன்னபோது, என்னென்ன சாமான் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். அவருக்கு நினைவு வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, நம்மிடம் பீரோ இருக்கிறதா என்று கேட்டார். மறுமுனையில் அவர் மனைவி என்ன சொன்னாரோ, இவர் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

"வூட்டுக்கு நான் விருந்தாளிங்க மேடம். குடித்தனம், படுக்கை, சாப்பாடு எல்லாம் இந்த காருக்குள்ளாறதான். காரையே வூடுன்னு எழுதிக்கங்க, தள்ளுபடியை மட்டும் குடுங்க."

ஒரே டப்பா

பொம்மிடியில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர். ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு, வாசலில் துணி போட்டு மூடிய கார். மாதத்தில் ஒரு நாள் துணியை எடுத்து, காரைத் துடைத்து, மறுபடியும் துணியைப் போட்டு மூடுவார். திட்டத்தை முழுதாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவை கூடக் குறுக்கிடவில்லை. பாடம் நடத்தியவர்களுக்குத்தான் அந்தப் பொறுமை வரும்.

முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார். தேதியை மறந்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே நாளில் காலாவதி ஆகும் என்றேன். இப்போது மறந்தால் என்ன ஆகும்? ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்றேன். உண்மையைச் சொல்வதில் உள்ள சிக்கல் இதுதான், சொன்ன பிறகு விற்க ஒன்றும் மிஞ்சாது. அவர் உள்ளே திரும்பி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"ஒண்ணா இருந்தா வசதின்னு எங்க ரெண்டு பேரு மாத்திரையையும் ஒரே டப்பாவுல போட்டு வச்சோம். யாரு மாத்திரைய யாரு முழுங்கினோம்னு டாக்டருக்கே இன்னும் தெரியல. எனக்குத் தனித்தனியாவே இருக்கட்டும்மா."

மரம் பொது

இனிமேல் சொல்லப்போவதெல்லாம் இண்டூர்ப் பக்கத்தில் இருக்கும் ஒரே வீட்டுக் கதை. முருகேசன் கரண்ட் ஆபீசில் லைன்மேன். அவர் மனைவி சாந்தி. தம்பி கோவிந்தன் விவசாயம் பார்க்கிறான், தக்காளியும் கொஞ்சம் மஞ்சளும். வீடு ஒன்றுதான், ஆனால் இரண்டு பாதி. முன்பாதி தளம் போட்ட மெத்தை வீடு, அதில் முருகேசன் குடும்பம். பின்பாதி பழைய ஓட்டு வீடு, அதில் கோவிந்தன் குடும்பம். அடுப்பு இரண்டு, கிணறு ஒன்று, நடுவில் ஒரு புளியமரம். அப்பா இறந்து பல வருஷம் ஆகியும் பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. அந்த வீட்டில் பாகம் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை.

முருகேசன் பழைய கார் ஒன்று வாங்கி, அதன் மீது உயிரையே வைத்திருந்தார். சாந்திக்கும் அப்படித்தான். மழையிலும் காற்றிலும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் அலுத்துப்போனவர் அவர். ரினியூவலுக்காக நான் போனபோது கார் புளியமரத்தடியில் நின்றது. கூரை மேல் முழுக்க இலையும் காக்கை எச்சமும். மரம் வயதானது, அடியில் ஒரு பெரிய பொந்து வேறு. வண்டியை அங்கே விடாதீர்கள், ஓரமாக ஒரு ஷெட் போட்டுவிடுங்கள் என்றேன். முருகேசன் கிணற்றுப் பக்கம் பார்த்தார், ஓட்டு வீட்டுப் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"செட்டு போட்டா யாரு பக்கம் போடறதுங்க மேடம்? மரத்தடின்னா பொதுவுங்க."

பேருக்குத்தானே

திட்டத்தைச் சொன்னதும் சாந்திக்குப் பிடித்துவிட்டது. காருக்கு எப்படியும் கட்டத்தான் போகிறோம், கூடக் கொஞ்சம் போட்டால் வீட்டுக்கும் ஆச்சு என்று கணக்குப் போட்டுவிட்டார். நான் விண்ணப்பத்தை எடுத்தேன். கார் உரிமையாளர் பெயர், முருகேசன். அடுத்து வீட்டு உரிமையாளர் பெயர் என்று கேட்டேன். கோவிந்தன் அப்போது கிணற்றடியில் மருந்து அடிக்கும் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தான். முருகேசன் சாதாரணமாக, "எம்பேரையே போடுங்க, பேருக்குத்தானே" என்றார். டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

கோவிந்தன் சண்டைக்கு வரவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, மரியாதையாக ஒன்று கேட்டான். நாளைக்கு வீட்டுக்கு ஒன்று ஆகிவிட்டால் பணம் யார் பெயருக்கு வரும்? பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயருக்கு என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் டேங்கைக் கழுவப் போய்விட்டான். முருகேசன் முகம் சுருங்கிவிட்டது. மெதுவாக, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது கோவிந்தன் ரோடு வரை வந்தான். அந்த மெத்தை வீட்டைக் கட்டும்போது, தக்காளி நல்ல விலைக்குப் போன ஒரு வருஷத்துப் பணம் முழுவதையும் அண்ணனிடம் கொடுத்தவன் அவன். சித்தாள் வேலையும் அவன்தான் பார்த்தான். அதற்கு எந்தப் பேப்பரும் கிடையாது, கேட்டதும் கிடையாது. இப்போது வீட்டைப் பற்றி முதல்முதலாக ஒரு பேப்பர் எழுதப்போகிறார்கள், அதில் அவன் பெயர் இருக்காது. தன் பங்கு போய்விடுமோ என்று பயந்தான். பயப்படுவதற்காக வெட்கமும் பட்டான்.

"எங்கண்ணன் மேல எனக்குச் சந்தேகம் இல்லீங்க அக்கா. அந்தக் காயிதத்து மேலதான்."

இரண்டு பெயர்

எனக்கு மனசு கேட்கவில்லை. அதாவது, கமிஷன் போகிறதே என்று கொஞ்சம், மற்றதற்காக மீதி. அடுத்த வாரம் போய், தள்ளுபடியை விட்டுத்தள்ளுங்கள் என்றேன். காரைத் தனியாகப் போடுங்கள், வீட்டைத் தனியாகப் போடுங்கள். தனியாகப் போட்டால் வீட்டுப் பாலிசியில் இரண்டு பேர் பெயரும் எழுதலாம், வாரிசுகள் என்று. சேர்த்துப் போடும் திட்டத்தில்தான் கம்ப்யூட்டர் ஒரு பெயருக்கு மேல் வாங்காது. இவ்வளவு எளிதாக ஒரு குடும்பச் சிக்கலைத் தீர்த்துவிட்டோமே என்று எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பெருமை மோர் வரும் வரைக்கும்தான் இருந்தது. இந்தத் தடவை உறுத்தியது அண்ணனுக்கு. வீட்டுக்கு இரண்டு பெயர் எழுதினால் பாகம் பிரித்த மாதிரி ஆகாதா, ஊரில் என்ன பேசுவார்கள் என்றார். எங்கள் பக்கத்தில் இது ஒரு விசித்திரம். அண்ணனும் தம்பியும் தனித்தனி அடுப்பில் சமைக்கலாம், தனித்தனியாகப் பொங்கல் வைக்கலாம், கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் பேசாமல்கூட இருக்கலாம். எழுதாத வரைக்கும் குடும்பம் ஒன்றுதான். எழுதிவிட்டால் எவ்வளவு கொஞ்சிக் குலாவினாலும் பிரிந்த குடும்பம்தான். அப்பா செத்தபோது கூடப் பிரிக்காததை ஓர் இன்சூரன்ஸ்காரிக்காகப் பிரிப்பதா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதை அவர் சொல்லவில்லை, எனக்குக் கேட்டது.

கோவிந்தனோ, அண்ணனுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று வயலுக்குப் போய்விட்டான். முருகேசன் உள்ளே போய் டிவியைப் போட்டுக்கொண்டார். வாசலில் நானும் சாந்தியும் எழுதாத விண்ணப்பமும்தான் மிச்சம்.

"ஒரு பேரு எழுதுனா தம்பிக்குத் தூக்கம் போவுது. ரெண்டு பேரு எழுதுனா இவருக்குத் தூக்கம் போவுது. பேரே எழுதாத பாலிசி இருந்தாச் சொல்லுங்கக்கா, நானாவது தூங்கறேன்."

முதல் போணி

ஆனி முடியப்போகிற சமயத்தில் முருகேசனே போன் செய்தார். காரை மட்டும் ரினியூ செய்துவிடுங்கள், தேதி நெருங்குகிறது என்றார். வீடு என்ன ஆச்சு என்று கேட்டேன். சொந்தக்காரர் ஒருவரை வைத்துப் பேசிக்கொள்வதாகவும், பட்டாவையும் அப்படியே மாற்றிவிடலாம் என்று இருப்பதாகவும் சொன்னார். எப்போது என்றேன். ஆவணியில் என்றார்.

நடுவில் ஆடி வருகிறதே, காற்று மாதமாயிற்றே, ஓட்டு வீடாயிற்றே, மரத்தில் பொந்து வேறு இருக்கிறதே என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இந்தத் தொழிலில் பயமுறுத்துவதற்கென்று ஒரு குரல் உண்டு. அதையும் பயன்படுத்திப் பார்த்தேன். தினமும் கம்பத்தில் ஏறுகிற மனிதரிடம் அந்தக் குரல் செல்லுபடியாகவில்லை.

"ஆடியில வூட்டுக்குன்னு எதையும் புதுசா ஆரம்பிக்கறதில்லீங்க மேடம். ஆவணி பொறக்கட்டும், மொத போணி உங்களுதுதான்."

பாதி மரம்

காற்று ஆவணிக்காகக் காத்திருக்கவில்லை. ஆடி பிறந்த முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் புளியமரம் பொந்தோடு முறிந்து விழுந்தது. அடிமரம் கார் மேல், கிளையெல்லாம் ஓட்டு வீட்டின் மேல். கோவிந்தனின் மனைவியும் பிள்ளையும் அப்போது தோட்டத்தில் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏரியா முழுக்கக் கம்பிகள் அறுந்து கிடந்ததால் முருகேசன் ஊர் ஊராகக் கரண்ட் கொடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் தன் வீட்டுக்கு வர முடிந்தது.

மறுநாள் நான் போனேன், பின்னாலேயே சர்வேயர் தாமஸ் சாரும் வந்தார். சேதத்தை மதிப்பிட்டுக் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுவது அவர் வேலை. கார் அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஓட்டு வீட்டின் கூரை மொத்தமாக உள்ளே இறங்கி, ஒரு பக்கத்துச் சுவரையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. உடையாமல் மிஞ்சிய பாத்திரங்களைத் தக்காளிக் கிரேடில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு வைத்திருந்தார்கள். தாமஸ் சார் காரைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் பார்த்தார். கூரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வந்த வேலை அது.

கோவிந்தன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். சார், அப்படியே கூரையையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்களேன் என்றான். எதற்கும் பயன்படாது என்று மூன்று பேருக்கும் தெரியும். தாமஸ் சார் திரும்பி, இடிந்த சுவர், கூரை, கிரேடு எல்லாவற்றையும் பொறுமையாகப் போட்டோ எடுத்தார். எடுத்து முடித்துக் கேமராவைப் பையில் வைத்தபோதுதான் பேசினார்.

"எடுத்துட்டேன்பா. ஆனா கம்பெனி என்னை இந்த மரத்துல பாதிக்குத்தான் அனுப்பியிருக்கு."

பஸ்

காரைச் சரிசெய்ய முடியாது என்று முடிவாகி, முழுத் தொகையும் முருகேசன் கணக்குக்கு வந்தது. கார் அவர் பெயரில், பணமும் அவர் பெயரில். அதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. செய்தி கிடைத்ததும் நான் இண்டூருக்குக் கிளம்பினேன். என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிடாதீர்கள், அடுத்த கார் வாங்குவார், அதற்கும் பாலிசி போடலாம் என்றுதான் கிளம்பினேன்.

அங்கே போனால் வாசலில் மணல் குவியல். ஓட்டு வீடு இருந்த இடத்தில் புதுச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. முருகேசன் லீவு போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எந்த இடத்தில் சுவிட்ச் வர வேண்டும் என்று கரித்துண்டால் சுவரில் குறி போட்டுக்கொண்டிருந்தார். ஆடி இன்னும் முடியவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கோவிந்தன் சிமெண்ட் சட்டியோடு என் பக்கம் வந்து, வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேங்க அக்கா, அண்ணன் கேட்கல என்றான். சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

எந்த மாடல் கார் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்காக வந்தவள் நான். அந்தக் கேள்வியை அங்கே கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. இனி வேலைக்கு எப்படிப் போவீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் சுவரிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னார்.

"காரு இல்லன்னா நான் பஸ்ஸுல போவேனுங்க. கூரை இல்லன்னா அவன் எங்க போவான்?"

ஆவணி

ஆவணிக் கடைசியில் கூரை போட்டு முடித்த கையோடு கூப்பிட்டார்கள். போனபோது அண்ணனும் தம்பியும் புளியமரம் இருந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நிழல் இல்லாமல் வெயில் நேராக அடித்தது. நான் உட்காருவதற்கு முன்னாலேயே கோவிந்தன் ஆரம்பித்துவிட்டான். அண்ணன் பேருலயே போடுங்கக்கா, ஒரே பேரு போதும், எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க என்றான். முருகேசன் அதெல்லாம் கிடையாது, அவன் பேருலதான் போடணும் என்றார். இவன் இல்லை என்றான், அவர் ஆமாம் என்றார். அந்த வீட்டில் அவர்கள் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். பேனா மட்டும் என் கையிலிருந்து அவர் கைக்கும், அவர் கையிலிருந்து இவன் கைக்கும் போய்வந்துகொண்டிருந்தது. ஏஜெண்டாக ஆனதிலிருந்து, அடுத்தவன் பெயரில் எழுது என்று சண்டை போடுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

ஒரே பெயர் என்று இருவருமே சொல்கிறார்களே என்று பழக்கதோஷத்தில் அந்தச் சேர்ப்புத் திட்டத்தின் விண்ணப்பத்தைத்தான் பையிலிருந்து எடுத்தேன். முதல் வரியிலேயே கார் நம்பர் கேட்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். முருகேசன்தான் முதலில் சிரித்தார். பிறகு தனி வீட்டுப் பாலிசி விண்ணப்பத்தை என்னிடம் கேட்டு வாங்கி, இரண்டு பெயர் எழுதினால் ஊர் பேசும் என்ற அதே மனிதர், தன் கையாலேயே இரண்டு பெயரும் எழுதினார். முதலில் தம்பி பெயர், கீழே தன் பெயர். கோவிந்தன் அதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

சாந்தி எல்லோருக்கும் டீ கொண்டு வந்தார். கார் போனதில் அவருக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அன்று காலையில்கூடப் பஸ்ஸில்தான் இண்டூர் வரை போய்வந்திருந்தார், தலையெல்லாம் புழுதி. என் மடியில் கிடந்த அந்தச் சேர்ப்புத் திட்ட விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"காரு இருந்தப்ப வூடு யாருதுன்னு சொல்லத் தெரியல. வூடு யாருதுன்னு தெரிஞ்சப்ப காரு இல்ல. உங்க திட்டத்துக்கு எங்கூடு சரிப்படாதுக்கா, டீயாவது குடிச்சுட்டுப் போங்க."

அந்தத் திட்டத்தில் நீங்கள் மட்டும் ஏன் மேடம் ஒரு பாலிசிகூடப் பிடிக்கவில்லை என்று மேனேஜர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கஸ்டமர்களுக்கு யோசிக்க நேரம் கொடுத்துவிட்டேன் சார் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.